விரிதாள் சூத்திரம் நாடு கடக்கும்போது எது தானாக மாறும், எது மாறாது

எங்கள் குடும்பத்து வயற் கணக்கைத் தம்பிலுவிலில் இருந்தபடி நான் ஓர் எக்செல் கோப்பில் எழுதி வருகிறேன். வயல் சாகாமத்துப் பக்கம் இரண்டு வட்டைகளில், அதாவது வயற் பரப்புகளில், இருக்கிறது. பங்குக்காரர்களான தம்பி ஜேர்மனியிலும் அக்கா பிரான்சிலும் வசிக்கிறார்கள். எந்தத் திகதியில், எந்த வட்டையில், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்பதற்கு மேல் அந்தக் கோப்பில் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அது மூன்று வீடுகளிலும் ஒரே விடையைத் தரவில்லை. கோயில் நிருவாகம், பழைய மாணவர் சங்கம், நூலகக் கட்டட நிதி என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எதை எடுத்தாலும் கணக்கின் ஒரு நுனி ஊரிலும் மறு நுனி ஐரோப்பாவிலும் இருக்கிற காலம் இது என்பதால், இந்தச் சிக்கலின் காரணத்தை முதன்முறை விரிதாளைத் தொடுகிறவருக்கும் விளங்கும்படி எழுதிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

விரிதாளில் ஒவ்வொரு கட்டமும் ஒரு கலம். கலத்தில் சமக்குறி போட்டு எழுதத் தொடங்கினால் அது சூத்திரம். சூத்திரத்துக்குள் நாம் அழைக்கும் ஆயத்தக் கணிப்புகளுக்குச் சார்புகள் என்று பெயர். கூட்டுவதற்கு 'சம்', நிபந்தனை பார்ப்பதற்கு 'இஃப்', அட்டவணையில் தேடி எடுப்பதற்கு 'வீலுக்கப்' என்பன எல்லோரும் அறிந்தவை. சார்புப் பெயர்களையும் கல முகவரிகளையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை உரிய ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

எங்கள் தாளில் ஏ நிரலில் (மேலிருந்து கீழாக ஓடும் வரிசையில்) திகதி, பி நிரலில் வட்டையின் பெயர், சி நிரலில் போகம், டி நிரலில் மூட்டை எண்ணிக்கை, ஈ நிரலில் மொத்த எடை ஆகியவை இருக்கின்றன. ஒரு மூட்டையின் சராசரி எடையைக் காண நான் எழுதிய சூத்திரம் இது: =இஃப்(டி2>0,ஈ2/டி2,0). மூட்டை எண்ணிக்கை பூச்சியத்தை விடக் கூடியதாக இருந்தால் எடையை அதனால் வகு, இல்லையென்றால் பூச்சியம் போடு என்பது இதன் பொருள். தம்பி தானும் ஒரு தாள் தொடங்க வேண்டும் என்று கேட்டபோது இந்த வரியை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதைத் தன் ஜேர்மன் மொழி எக்செலில் ஒட்டினார். சூத்திரத்தில் பிழை இருக்கிறது என்று சொல்லி எக்செல் அதை ஏற்க மறுத்துவிட்டது.

காரணங்கள் இரண்டு. முதலாவது, ஜேர்மன் எக்செலில் 'இஃப்' என்ற பெயரில் சார்பு கிடையாது. அங்கே அதன் பெயர் 'வென்'. 'சம்' என்பது 'ஸும்மெ', 'வீலுக்கப்' என்பது 'எஸ்ஃபெர்வைஸ்'. பிரெஞ்சுப் பதிப்பில் இவையே 'சி', 'சோம்', 'ரெஷெர்ஷ்-வே' ஆகிவிடுகின்றன. இரண்டாவது, ஜேர்மனியிலும் பிரான்சிலும் பன்னிரண்டரையை 12,5 என்று காற்புள்ளியால் எழுதுகிறார்கள். தசமத்துக்குக் காற்புள்ளி போய்விட்ட பிறகு சார்பின் உள்ளீடுகளைப் பிரிப்பதற்கு அதையே பயன்படுத்தினால் குழப்பம் வரும் என்பதால், அங்கே உள்ளீடுகளை அரைப்புள்ளியால் பிரிக்கிறார்கள். ஆகவே தம்பி தட்டியிருக்க வேண்டியது =வென்(டி2>0;ஈ2/டி2;0) என்பதாகும்.

இந்த இரண்டு வேறுபாடுகளும் ஒரே இடத்தில் இருந்து வருபவை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. சார்பின் பெயரை முடிவு செய்வது எக்செலின் மொழி. தசமக் குறியையும் உள்ளீடுகளைப் பிரிக்கும் குறியையும் முடிவு செய்வது விண்டோஸில் உள்ள பிராந்திய அமைப்பு. அதனால்தான் ஜேர்மனியில் வாங்கிய கணினியில் ஆங்கில எக்செல் வைத்திருப்பவருக்குப் பெயர்கள் ஆங்கிலத்திலும் பிரிப்பு அரைப்புள்ளியிலும் இருக்கும். ஜேர்மன் பேசும் சுவிற்சர்லாந்துக்கான அமைப்பில் தசமத்துக்கு எங்களைப் போலப் புள்ளிதான். ஆனால் பிரிப்பதற்கு அரைப்புள்ளி. மொழியையும் நாட்டையும் ஒன்றாக எண்ணித் தேடினால் காரணம் அகப்படாது.

சூத்திரத்தை எழுத்தாக அனுப்பாமல் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்பினேன். தம்பி திறந்தபோது 'இஃப்' எல்லாம் 'வென்' ஆகி, காற்புள்ளிகள் அரைப்புள்ளிகளாகி, விடைகள் சரியாக நின்றன. யார் மொழிபெயர்த்தது என்று அவர் வியந்தார். உண்மையில் யாரும் மொழிபெயர்க்கவில்லை; கோப்புக்குள் இருப்பது எந்த ஊர்ப் பதிப்பானாலும் ஒன்றுதான். இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். 2007 ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி. ஒரு பிரதி எடுத்து, பெயரின் வாலைச் சிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே சில கோப்புறைகள் தெரியும். தாள்களுக்குரிய கோப்புறையில் முதற் தாளின் கோப்பை நோட்பாடில் திறந்து பாருங்கள். தம்பி ஜேர்மன் எக்செலில் எழுதிச் சேமித்த கோப்பை நான் அப்படித் திறந்தேன். அவர் தட்டியது 'ஸும்மெ'. கோப்பில் இருந்தது 'சம்'. அவர் போட்டது அரைப்புள்ளி. கோப்பில் இருந்தது காற்புள்ளி. சேமிக்கும்போது எக்செல் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெயருக்கும் காற்புள்ளிக்கும் மாற்றி வைக்கிறது. திறக்கும்போது திறப்பவருடைய மொழிக்குக் கொண்டுபோகிறது. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெயரே இல்லாமல் எண்ணை வைத்திருந்தது: 'இஃப்' என்பது 1, 'சம்' என்பது 4, 'வீலுக்கப்' என்பது 102. எண்ணுக்கு மொழி இல்லை. உண்மை, பொய் என்னும் மதிப்புகளும் பிழைச் செய்திகளும் இதே வழியில்தான் மாறிக்கொள்கின்றன.

எனவே முதல் விதி எளிது: சூத்திரத்தைப் பகிர வேண்டுமானால் கோப்பாகப் பகிருங்கள், எழுத்தாக அல்ல. ஒரே ஒரு சூத்திரமாக இருந்தாலும் அதை வெற்றுத் தாளில் இட்டு அனுப்புவது, தொலைபேசியில் மணித்தியாலக் கணக்கில் விளக்குவதை விட விரைவானது.

சிக்கல் இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது. கோப்பாக அனுப்பினாலும் மொழிமாறாத ஒரு பகுதி சூத்திரத்துக்குள் உண்டு. அதுதான் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் நாம் எழுதும் எழுத்து. மேற்கோள் குறிக்கு வெளியே இருப்பதன் பொருளை எக்செல் அறியும், அதனால் மாற்றும். உள்ளே இருப்பது நம்முடைய சொந்தச் சரக்கு என்று கருதி அது கை வைக்காது. 'வட்டை' என்று எழுதியிருந்தால் அப்படி விடுவதுதான் சரியும்கூட. ஆனால் சில சார்புகளுக்கு நாம் மேற்கோளுக்குள் கொடுப்பது வெறும் எழுத்தல்ல, கட்டளை. அந்தக் கட்டளையை வாங்கும் எக்செல் அதைத் தன் பிராந்தியத்து வழக்கப்படியே வாசிக்கிறது.

எங்களுக்கு அடி விழுந்தது 'டெக்ஸ்ட்' என்னும் சார்பில். ஒரு திகதியை நாம் விரும்பும் வடிவில் எழுத்தாக மாற்றித் தருவது அதன் வேலை. மாதவாரியாக எடையைக் கூட்டுவதற்காக எஃப் நிரலில் ஒவ்வொரு திகதியையும் ஆண்டும் மாதமுமாக, 2024-03 என்ற வடிவில் மாற்றி வைத்திருந்தேன். அதற்கு மேற்கோளுக்குள் ஆண்டைக் குறிக்க ஒய் என்ற எழுத்தை நான்கு முறையும், சிறு கோட்டுக்குப் பின் மாதத்தைக் குறிக்க எம் என்ற எழுத்தை இரண்டு முறையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். பிறகு 'சம்இஃப்' சார்பால், தலைப்பில் உள்ள மாதத்தையும் அதே முறையில் மாற்றி, பொருந்தும் நிரைகளின் (இடமிருந்து வலமாக ஓடும் வரிசைகளின்) எடையைக் கூட்டினேன். எங்கள் பக்கம் பெரும்போகத்து வெட்டு பெரும்பாலும் மார்ச்சை ஒட்டி முடிவதால் 2023 மார்ச்சிலும் 2024 மார்ச்சிலும் நிறைய நிரைகள் இருந்தன.

ஜேர்மன் பிராந்திய அமைப்பில் ஆண்டுக்கு எழுத்து ஒய் அல்ல. ஜேர்மனில் ஆண்டு 'யார்' என்பதால் ஜே. நாள் 'டாக்' என்பதால் ரி (T). பிரெஞ்சில் ஆண்டுக்கு ஏ, நாளுக்கு ஜே. ஆகவே ஜேர்மனியில் ஆண்டு நிற்கும் இடத்துக்கு ஜே எழுத்தைப் போடுகிறவர்கள், பிரான்சில் அதே ஜே எழுத்தை நாளுக்குப் போடுகிறார்கள். மாதம் மட்டும் மூன்றிலும் எம். என் சூத்திரம் தம்பியின் கணினியில் கணிக்கப்பட்டபோது ஒய் எழுத்துகளுக்குப் பொருள் காணாமல் எக்செல் அவற்றை அப்படியே அச்சிட்டுவிட்டு, எம் எழுத்துகளுக்கு மட்டும் மாதத்தைப் போட்டது. 2024-03 வர வேண்டிய கலத்தில் நான்கு ஒய்யும் ஒரு கோடும் 03 உம் வந்து நின்றன. 2023 மார்ச் நிரைகளுக்கும் அதே நான்கு ஒய், அதே 03. இரண்டு ஆண்டுகளும் ஒரே பெயரைச் சூடிக்கொண்டதால், 2024 மார்ச்சின் எடை என்று தலைப்பிட்ட கலத்தில் இரண்டு ஆண்டுகளின் வெட்டும் சேர்ந்து கூடியிருந்தது.

இதில் கவலைக்குரியது எதுவென்றால், பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சிவப்பு நிறமோ கேள்விக்குறியோ இல்லாமல் நம்பத்தக்க ஓர் எண் நின்றது. அதுவும் கோப்பைத் திறந்த உடனே நடக்கவில்லை. எக்செல் சேமித்த விடைகளையும் கோப்பில் வைத்திருக்கும். பொதுவாக ஒரு கலம் சார்ந்திருக்கும் இடத்தில் ஏதாவது மாறும்போதுதான் அந்தக் கலத்தைத் திரும்பக் கணிக்கும். தம்பி திறந்து பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு ஆண்டுகளின் திகதிகளிலும் அவர் சில திருத்தங்கள் செய்ய, திருத்திய நிரைகள் ஒன்றொன்றாக மாறி, கணக்கு மெல்ல மெல்லப் பிசகியது. என் கணினியில் அதே கோப்பைத் திறந்து முழுதாகக் கணிக்கவைத்தால் எல்லாம் நேராகிவிடும். ஒரு வாரம் நாங்கள் இருவரும் ஒரே கோப்பைப் பார்த்துக்கொண்டு வெவ்வேறு எண்களைச் சொன்னோம். பங்குப் பணம் தொடர்பான கணக்கில் அது எவ்வளவு சங்கடமான நிலை என்பதைக் கூட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

தீர்வு, எழுத்தைக் கைவிட்டு எண்ணுக்குப் போவதுதான். எஃப் நிரலில் இப்போது இருப்பது =இயர்(ஏ2)*100+மந்த்(ஏ2). ஆண்டை நூறால் பெருக்கி மாதத்தைக் கூட்டினால் 2024 மார்ச்சுக்கு 202403 என்ற எண் வருகிறது. இந்தச் சூத்திரத்தில் மேற்கோள் குறியே இல்லை. ஆகவே மொழி ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. வரிசைப்படுத்தினாலும் காலவரிசையில் நிற்கும். மாதத்தின் பெயரைத் தமிழில் காட்ட வேண்டும் என்றால் 'சூஸ்' என்ற சார்புக்கு மாத எண்ணைக் கொடுத்து, பன்னிரண்டு பெயர்களையும் மேற்கோளுக்குள் நாமே எழுதிவிடலாம். அங்கே மேற்கோளுக்குள் இருப்பது கட்டளையல்ல, பெயர் மட்டுமே. ஜனவரி, பெப்ரவரி என்று நாம் எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே பாரிசிலும் தெரியும்.

கலத்தின் காட்சி வடிவத்தை மாற்றுவதையும் 'டெக்ஸ்ட்' சார்பையும் ஒன்றாகக் கருதக் கூடாது. கலத்தைத் தெரிவுசெய்து வடிவமைப்புப் பெட்டியில் திகதி வடிவத்தைக் கொடுத்தால் அது கோப்பில் பொதுவான முறையில் பதிவாகி, திறப்பவரின் வழக்கத்துக்கு மாறிக்கொள்ளும். உள்ளே இருப்பது எப்போதும் எண்தான்: 2024 ஜனவரி 1 என்பது எக்செலுக்கு 45292. கண்ணுக்கு அழகு வேண்டுமானால் வடிவமைப்பில் செய்யுங்கள். 'டெக்ஸ்ட்' சார்பைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். தசம எண்ணை எழுத்தோடு ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் 'பிக்ஸ்ட்' சார்பு கைகொடுக்கும். எத்தனை தசம இடம் என்பதை அதற்கு எண்ணாகவே சொல்லலாம்.

மேற்கோளுக்குள் மொழி ஒளிந்திருக்கும் வேறு இடங்களும் உண்டு. அறுபத்திரண்டரை கிலோவுக்குக் கூடிய மூட்டைகளை எண்ண, 'கவுண்ட்இஃப்' சார்பில் ">62.5" என்று எழுதுவோம். தசமத்துக்குக் காற்புள்ளி எழுதும் நாட்டில் அந்தப் புள்ளி தசமப் புள்ளியாக வாசிக்கப்படாது. எல்லை எண்ணை ஒரு கலத்தில், எச்1 இல் என்று வைத்துக்கொள்வோம், தனியாக இட்டுவிட்டு ">"&எச்1 என்று இணைத்தால் அந்தந்த நாட்டு வழக்கத்தில் இணைந்துகொள்ளும். எல்லையை மாற்ற வேண்டி வந்தாலும் ஒரு கலத்தை மாற்றினால் போதும். அதேபோல், மேற்கோளுக்குள் "03/04/2024" என்று திகதியை எழுதவே கூடாது. எங்களுக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் மார்ச் 4. ஊரிலேயே பல கணினிகள் அமெரிக்க அமைப்பில் விடப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இது வெளிநாட்டுச் சிக்கல் மட்டுமல்ல. =டேட்(2024,4,3) என்று எழுதினால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை எங்கும் மாறாது.

கோப்பின் பெயர் போன்ற விவரங்களைக் கேட்டுப் பெறும் 'செல்' சார்பின் உள்ளீடும் மொழிக்கு மொழி வேறுபடுவது. ஒரு மொழிப் பதிப்பில் எழுதியது இன்னொன்றில் பிழை தரும் என்று மைக்ரோசொப்ட்டே தன் விளக்கத்தில் எச்சரிக்கிறது. முகவரியை எழுத்தாக வாங்கும் 'இன்டிரெக்ட்' சார்பில் நிரை, நிரல் எண்களால் முகவரி எழுதினால், ஆங்கிலத்தில் ஆர், சி என்று வருபவை ஜேர்மனில் செட், எஸ் என்றும் பிரெஞ்சில் எல், சி என்றும் ஆகிவிடும். தொடக்கநிலையில் இந்த இரண்டு சார்புகளும் இல்லாமலே எல்லாக் கணக்கையும் எழுதலாம்.

எங்கள் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். போகத்தின் பெயரை வைத்துப் பிரிக்க, =இஃப்(சி2="பெரும்போகம்",...) என்று எழுதினால் அது யூனிகோட் தமிழாக இருக்கும்வரை எந்த நாட்டிலும் பொருந்தும். ஆனால் பழைய தாள்களில் பல இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினியில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்தக் கலத்தை யூனிகோடில் எழுதிய 'பெரும்போகம்' என்ற சொல்லோடு ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. அந்த எழுத்துரு இல்லாத தம்பியின் கணினியில் அது படிக்கவும் முடியாத எழுத்துக் குவியலாகத் தெரியும். பழைய தாளை எடுத்துத் தொடர்வதற்கு முன் அதை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

எக்செல் அல்லாதவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுள் சீட்ஸில் பிராந்திய அமைப்பு ஒவ்வொரு கோப்பின் அமைப்புப் பக்கத்திலும் இருக்கிறது. கோப்புக்கு ஒன்று வைத்துவிட்டால் எல்லோருக்கும் அதுவே. சார்புப் பெயர்களை எப்போதும் ஆங்கிலத்தில் காட்டும்படியும் அங்கேயே சொல்லலாம். கூட்டுக் கணக்குக்கு இதுவே இலகுவானது என்பது என் அனுபவம். லிப்ரே ஒபிஸில் கல்க் பகுதிக்கான தெரிவுகளில், சூத்திரம் என்ற பக்கத்தில், ஆங்கிலப் பெயர்களையும் பிரிப்புக் குறிகளையும் அமைத்துக்கொள்ளலாம்.

கோப்பில் சூத்திரமே இல்லாமல் எண்களை மட்டும் சிஎஸ்வி வடிவில் அனுப்புகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது வெறும் எழுத்துக் கோப்பு. மாற்றித் தர அங்கே யாரும் இல்லை. தம்பி ஜேர்மன் அமைப்பில் சேமித்து அனுப்பும் சிஎஸ்வியில் நிரல்கள் அரைப்புள்ளியால் பிரிந்திருப்பதால், இங்கே இரட்டைச் சொடுக்கில் திறந்தால் முழு நிரையும் ஒரே கலத்துக்குள் போய்ச் சேரும். நான் அனுப்பும் கோப்பில் 1.250 தொன் என்று இருந்தால், அங்கே புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி என்பதால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது ஆகிவிடும். 12.5 என்று இருந்தால் மே 12 என்ற திகதியாகவே மாறிவிடும். இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு என்ற பட்டியில் உள்ள உரைக் கோப்பிலிருந்து பெறும் வசதியால் உள்ளே எடுத்து, பிரிப்புக் குறியையும் பிராந்தியத்தையும் நாமே குறிப்பிட வேண்டும். ஏற்கெனவே எழுத்தாக வந்து இறங்கிவிட்ட எண்களைத் திருத்த, 2013 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 'நம்பர்வால்யூ' என்ற சார்பு இருக்கிறது. எது தசமக் குறி, எது ஆயிரக் குறி என்பதை அதனிடம் சொல்லிவிட்டால் எந்த நாட்டு எண்ணையும் சரியாக வாசிக்கும்.

அனுப்புவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதற்கு வெளிநாட்டில் ஆள் தேவையில்லை. எக்செலை மூடிவிட்டு, விண்டோஸின் பிராந்திய அமைப்பில் வடிவத்தை ஜேர்மன், ஜேர்மனி என்று மாற்றுங்கள். கோப்பின் ஒரு பிரதியைத் திறந்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். சேமித்த விடைகளை நம்பாமல் எல்லாக் கலங்களையும் எக்செல் புதிதாகக் கணிக்கும். சார்புப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும், ஆனால் அவை எப்படியும் தாமாக மாறுபவை; நாம் தேடுவது மேற்கோளுக்குள் உறைந்துபோன எழுத்துகளை. முன்பே குறித்து வைத்த மொத்தங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கலம் அசைந்ததோ அதன் சூத்திரத்தில் மேற்கோள் குறியைத் தேடுங்கள். எங்கள் கோப்பில் நான் இதைச் செய்தபோது மாத மொத்தங்களோடு, அதுவரை யாருடைய கண்ணிலும் படாத இன்னொரு கலமும் அசைந்தது: மூட்டை எடையின் எல்லையை மேற்கோளுக்குள் எழுதியிருந்த அதே 62.5. அதை எச்1 க்கு நகர்த்திவிட்டுப் பிராந்திய அமைப்பைப் பழையபடி மாற்றி, கோப்பைத் தம்பிக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன்.